துணைக்கு ஒரு பட்டை

ஞானதுரையின் பழைய பிக்கப் வண்டிக்கு அந்த மாதம் கையிலிருந்த காசில் ஒரு ரிப்பேர் வேலைதான் செய்ய முடியும்.

"நான் தேய்ஞ்சு தகடாயிட்டேன், முதல்ல எனக்கு விடுடா" என்று ஸ்பிரிங்கிடம் சொன்னது பிரேக்.

"உன்னை அப்பப்பதான் மிதிக்கிறாங்க. நான் நாள் பூரா சுமக்கிறேன், போடா" என்ற பின்பக்க ஸ்பிரிங், அடுத்த பள்ளத்தில் வேண்டுமென்றே டமாரென்று இடித்துக் காட்டியது.

பயந்துபோன ஞானதுரை ஸ்பிரிங்கின் அடுக்கில் துணையாக இன்னொரு இரும்புப் பட்டை போட்டார். அப்பாடா என்று ஸ்பிரிங் நிமிர்ந்தது. அது நிமிர்ந்ததை அவரும் பார்த்தார். மறுநாள் முப்பது மூட்டை ஏற்றும் வண்டியில் ஐம்பது ஏற்றினார்.

மலை இறக்கம் வந்தது. "இத்தனையையும் நான் எப்படிடா நிறுத்துவேன்?" என்று பிரேக் அலறியது. ஸ்பிரிங்கின் கூடவே நசுங்கிக்கொண்டிருந்த புதுப் பட்டைதான் அதனிடம் பேசியது.

"அண்ணே, துணைக்கு இன்னொரு ஆள் மட்டும் கேட்டுடாதீங்க."