முதலில் ஏறிய செல்

பிறக்காத ஒரு குழந்தையின் தலைக்குள் மூளை உருவாகிக்கொண்டிருந்தது. மெல்லிய நார் ஒன்றைப் பற்றிக்கொண்டு முதலில் ஏறிவந்த செல், "உச்சி எனக்குத்தான்" என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தது.

அடுத்து வந்த குட்டிச் செல் அதன் தோளில் கால் வைத்தது. "கொஞ்சம் குனிங்கண்ணே, நான் மேலே போகணும்."

"வழி போட்டவன் நான். மாடி உனக்கா?"

"இந்த வீட்டில் அப்படித்தான்," என்று நார் சிரித்தது. "முதலில் வந்தவருக்கு அடித்தளம், பிறகு வந்தவருக்கு மாடி."

ஆயிரம் ஆயிரமாகச் செல்கள் அதைத் தாண்டி ஏறின. மூத்த செல் அடித்தளத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது.

ஒருநாள், காதிலிருந்து சேதி கொண்டுவந்த நரம்பு அடித்தளத்துக் கதவைத்தான் முதலில் தட்டியது. டண்டணக்க, டண்டணக்க!

"அண்ணே, அது என்ன? எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே!" என்று மாடி முழுவதும் கெஞ்சியது.

"என் தோளை மிதிச்சப்போ எங்கடா போச்சு இந்தப் பாசம்?" என்றது மூத்த செல். ஆனால் அதற்குமேல் அடக்கிவைக்க அதனால் முடியவில்லை. "என்னன்னு தெரியலை தம்பிகளா, ஆனா சும்மா உட்கார விடமாட்டேங்குது. பிடிச்சுக்கோங்க!" என்று தாளத்தை மேலே வீசியது. மாடியே ஆடியது.

வெளியே, ஊர்வலத்தில் பறைக்குப் பின்னால் கொடியோடு நடந்த தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, உள்ளே ஒருத்தர் இப்பவே கோஷம் போடுறார்!"