முள் நின்ற இடம்

“இந்த சிலிண்டர்ல இருக்கிற காத்துலயே சுடணும். மேற்கொண்டு துளிக்கூட ரொப்பக் கூடாது.”

வந்தவர் சொன்னதைக் கேட்டதும் மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வருஷமாக, விளையாட்டில் சாய உருண்டை சுடும் பெயின்ட்பால் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கிறார். காற்றில் மிச்சம் பிடிக்கும் ஆளை இன்றுதான் பார்க்கிறார்.

மேஜை மேல் துப்பாக்கி கிடந்தது. பின்பக்கம் மாட்டியிருந்த சின்ன சிலிண்டரில் காற்றழுத்தம் காட்டும் முள் அறுநூறில் நின்றிருந்தது.

“சார், இந்தத் துப்பாக்கிக்குக் குறைஞ்சது எண்ணூறு வேணும். அதுக்குக் கீழ போனா பெயின்ட் உருண்டை வெளியவே வராது. ரெண்டே நிமிஷம், மூவாயிரம் வரைக்கும் ரொப்பித் தர்றேன். எங்க கடையில காத்துக்குக் காசு வாங்கறதில்ல.”

“வேண்டாம் தம்பி. கம்மி அழுத்தத்துல சுடற மாதிரி மாத்தலாமாமே?”

“மாத்தலாம். ஸ்பிரிங்கை மாத்தணும், வால்வைக் குடைஞ்சு பெருசாக்கணும். முழுசா ஒரு நாள் வேலை. பாதித் துப்பாக்கி விலை ஆயிடும்.”

“ஆகட்டும்.”

“சும்மா கிடைக்கிற காத்தை விட்டுட்டு எதுக்கு சார்?”

“ஆகட்டும் தம்பி. சிலிண்டரை மட்டும் தொடாதீங்க. சுட்டுப் பார்க்க உங்களுதை மாட்டிக்குங்க.”

வந்தவர் கிளம்பும் முன் ஃபோனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சிலிண்டரின் முள்ளை மட்டும் ஒரு படம் பிடித்துக்கொண்டார்.

“பார்த்தியா?” மெக்கானிக் கல்லாவில் இருந்த மனைவியிடம் சொன்னார். “காத்தை அளந்து வச்சுட்டுப் போறார். நான் உறிஞ்சிக் குடிச்சிடுவேனாம்.”

“இப்படியும் ஒரு கருமி” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கேலி ஒரு பக்கம். வேலை என்று உட்கார்ந்துவிட்டால் மெக்கானிக் சோற்றை மறந்துவிடுவார். மறுநாள் மதியத்துக்குள் துப்பாக்கி தயார். கடை சிலிண்டரை மாட்டி ஐந்நூறில் சுட்டார். நானூறில் சுட்டார். முந்நூற்றைம்பதிலும் உருண்டை நேராகப் போய்ச் சுவரிலிருந்த தகரத்தில் உடைந்தது. சத்தம்கூட லேசாக ஒரு இருமல் அளவுக்குத்தான் இருந்தது.

வந்தவரின் சிலிண்டரைத் திரும்ப மாட்டும்போது அதன் கழுத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தார். பழக்கம். குமிழ் குமிழாக வந்தது. வாஷர் தேய்ந்திருந்தது.

தொடாதே என்று சொன்னது காற்று குறைந்துவிடும் என்ற பயத்தில்தானே? காற்றைத் திறந்துவிட்டார். புது வாஷர் போட்டார். மூவாயிரம் வரை ரொப்பினார்.

“கருமிக்கு நம்ம செலவுல ஒரு தர்மம்” என்றார். மனைவி சிரித்தாள்.

சாயங்காலம் அவர் வந்தார்.

“பிரமாதமா சுடுது சார். சிலிண்டர்ல வாஷர் போயிருந்துச்சு, கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. காத்தை இறக்கிட்டு வாஷரை மாத்தி, முழுசா ரொப்பிட்டேன். அதுக்கு ஒண்ணும் தர வேண்டாம்.”

அவர் குனிந்து முள்ளைப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“அவ பார்த்தா என்ன சொல்லுவேன்?”

“யாரு சார்?”

“என் வீட்டுக்காரி.” துப்பாக்கியைத் தடவினார். “இது எங்க பையனோடது தம்பி. போன வருஷம் விளையாடிட்டு வண்டியில திரும்பி வந்துட்டிருந்தான். துப்பாக்கி மட்டும்தான் வீடு வந்து சேர்ந்துச்சு.”

மெக்கானிக் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“அவன் ரொப்பின காத்து இதுல மிச்சம் இருக்குன்னு, காலையில எழுந்ததும் முகம்கூடக் கழுவாம அவ இந்த முள்ளைத்தான் வந்து பார்ப்பா. ‘ஒரே ஒரு தடவை வந்து சுட்டுப் பாரும்மா’ன்னு அவன் கெஞ்சுவான். வேலை கிடக்குன்னு இவ போகவே இல்ல. ஞாயித்துக்கிழமை அவன் பிறந்த நாள். அவன் காத்துல ஒரு தடவை சுடணுங்கறா.”

கல்லாவில் இருந்தவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கருமி என்று சிரித்தது இரண்டு பேருக்கும் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

“பெரிய தப்புப் பண்ணிட்டேன் சார். நானே வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்.”

“ஐயோ, அதை மட்டும் செஞ்சுடாதீங்க.”

அவர் அவசரமாக எழுந்து ஃபோனை நீட்டினார். நேற்று எடுத்த படம்.

“முள்ளை இந்த இடத்துக்குக் கொண்டு வந்துடுங்க. அது போதும்.”

மெக்கானிக் காற்றைத் திறந்தார். அது சீறிக்கொண்டு வெளியேறியது. இரண்டாயிரம், ஆயிரம், எழுநூறு. வந்தவர் படத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இன்னும் ஒரு நூல் இறக்குங்க.”

இறக்கினார். முள் படத்தில் இருந்த இடத்திலேயே வந்து நின்றது.

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. “முள் நின்னுடுச்சு சார். ஆனா, இது உங்க பையன் ரொப்பின காத்து இல்லையே?”

அவர் துப்பாக்கியைப் பையில் வைத்து, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார்.

“கசிஞ்சுதுன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க. அவன் காத்து ரெண்டாம் மாசமே இறங்கிப் போச்சு. தினமும் அவ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி, கார் ஷெட்ல வச்சு நான்தான் கை பம்ப்ல அடிச்சு, முள்ளை அங்க நிறுத்தி வைக்கிறேன்.”