ஒரு காத்துக்குத் தாங்காது

கண் தெரியாத மழையில், மர மருத்துவர் தன் கையைப் பிடித்து இழுத்துவந்த இடத்தில் ஒதுங்கிய பிறகும் சாலைப் பொறியாளர் பேச்சை விடவில்லை.

“நீங்க கையெழுத்துப் போட்டா வெட்டிட்டு ரோடு போட்டுடுவேன். சட்டம் உங்களைத்தானே கேக்குது?”

“மரத்தைப் பாத்தீங்களா சார்?”

“ஃபைல்ல பாத்தேன். பூஞ்சை அரிச்சு உள்ள மொத்தமும் காலியாம். ஒரு காத்துக்குத் தாங்காது!”

“உயிர் நடுவுல இல்ல சார், பட்டைக்கு அடியில ஓடுது.”

வெளியே ஏதோ மடமடவென்று சரிந்தது. பொறியாளர் பதறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். சுவர் அசையவே இல்லை.

காற்று ஓய்ந்ததும் இருவரும் குனிந்து, மரப்பொந்திலிருந்து வெளியே வந்தார்கள்.

போன மாதம் பொறியாளர் நட்ட மூன்று விளக்குக் கம்பங்களும் தரையில் கிடந்தன. அவர் திரும்பி, தலைக்கு மேல் வானத்தை மறைத்து நின்ற பச்சையை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“ரோட்டை வளைச்சுப் போட்டுக்கலாம் சார்,” என்றார் பொறியாளர்.