பக்கத்து நட்சத்திரம்

தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் மையம் மங்கவேயில்லை என்றுதான் தமயந்தி இத்தனை காலமும் சொல்லிவந்தாள். மாறாதது என்று நம்பிய பக்கத்து நட்சத்திரம் ஒன்றோடு ஒப்பிட்டே அதன் ஒளியை அளந்தாள். இன்று வேறு நட்சத்திரங்களை வைத்துப் பார்த்த சக ஆய்வாளர் தேவசகாயம், “ரெண்டும் சேர்ந்தே மங்கியிருக்கு மேடம். அதான் வித்தியாசம் தெரியல,” என்றார்.

மாலையில் வீடு திரும்பியபோது கணவர் கருணாகரன், இறந்துபோன மகளின் சைக்கிளுக்கு வழக்கம்போலக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கேட்டவர்களிடமெல்லாம், அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று அவள் சொல்லியிருந்தாள்.

“என்னங்க, நான் மாறிட்டேனா?”

அவர் நிமிர்ந்து அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

“இல்லையே, அப்படியேதான் இருக்கே,” என்றபடி, அவள் தினமும் அந்த சைக்கிள் சீட்டைத் துடைக்கும் துணியை எடுத்து நீட்டினார்.