ஆறு மாதம் ஓடிய வண்டி

புதிது வாங்குவதா, பழையது வாங்குவதா என்பதில்தான் என் அண்ணன் ஜெகனுக்கு இன்னும் முடிவு வரவில்லை.

என் கையெழுத்தைப் பற்றி அவனுக்குச் சந்தேகமே இல்லை. அது அவன் சட்டைப்பையில் இருக்கிற பேனா மாதிரி. வேண்டும்போது எடுத்துக்கொள்வான்.

உத்திரமேரூர் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே, பத்திரம் எழுதும் ஏகாம்பரத்தின் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் டோக்கன் பதினேழு. உள்ளே பதினொன்றுதான் நடந்துகொண்டிருந்தது. சித்திரை வெயிலில் முழுக்கை ஜாக்கெட்டுக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன். உள்ளே போட்டோ எடுப்பார்கள், முழுக்கை போட்டுக்கொண்டு வா என்று அண்ணன் முதல்நாளே போன் செய்து சொல்லியிருந்தான்.

மானாம்பதி ஏரிக்குக் கீழே மூன்று ஏக்கர் என் பெயரில் இருக்கிறது. பாசத்தால் வந்ததில்லை. நில உச்சவரம்பில் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று பயந்து, எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அப்பா என் பெயருக்கு எழுதி வைத்தார். பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். அப்பாவும் மறந்துதான் செத்துப்போனார். இப்போது ஒரு கம்பெனி விலைக்குக் கேட்டு வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் என் பெயர் வெளியே வந்தது.

பணம் அண்ணனுக்கு. எனக்கு ஒரு பட்டுப்புடவை என்று பேச்சு.

அந்த நிலமும் போய்விட்டால், தென்னேரியில் இருக்கும் என் புருஷன் வீட்டை விட்டால் எனக்கு நிற்க வேறு இடம் கிடையாது. இது அண்ணனுக்கும் தெரியும்.

நாற்பத்தைந்து வயதில், மீசைக்குக் கறுப்பு அடித்துக்கொண்டு, இரண்டே சீட் உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகிறான். எங்கள் ஊர் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருப்பார்கள், போகிற வண்டியெல்லாம் மிதித்துக் கொடுக்கட்டும் என்று. அந்தக் கார் அதில் ஏறினால் வயிறு தட்டி அங்கேயே படுத்துக்கொள்ளும். சொன்னால் பொறாமை என்பான். படுக்கட்டும்.

கார் புரோக்கர் சிவகுமார் இரண்டு போட்டோக்களை பெஞ்சில் வைத்திருந்தான். புதியது வர மூன்று மாதம் ஆகும். பழையது ஒரு டாக்டர் மகன் வைத்திருந்தது, கேட்டால் நாளைக்கே கிடைக்கும். ஆறு மாதம்தான் ஓடியிருக்கிறது, பெயருக்குத்தான் பழசு என்றான்.

அண்ணன் அவனை முறைத்தான்.

"ஆறு மாசத்துல எதுக்குடா தள்ளி வுடறான்? எங்கனா இடிச்சிருப்பான். இல்ல எவனயாவது சாவடிச்சிட்டு, கழுவித் தொடச்சி வெச்சிக்கினு கீறான்."

அவன் சும்மா கேட்கவில்லை. அந்தக் காரைப் பார்க்க மூன்று முறை மெட்ராஸ் போயிருந்தான். வாலாஜாபாத்திலிருந்து மெக்கானிக்கை அழைத்துப்போய், டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்திருந்தான். கதவின் பெயிண்டை நகத்தால் சுரண்டியிருந்தான். டாக்டர் வீட்டு வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பையன் எப்படி, குடிப்பானா, கோபக்காரனா என்று துருவியிருந்தான். அப்படியும் மனசு ஒப்பவில்லையாம்.

என் அண்ணனுக்கு இவ்வளவு விசாரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால், தென்னேரியிலிருந்து தாமோதரன் வரன் வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தது அண்ணன்தான். ஒரே நடை. காலையில் போனவன், அங்கேயே சாப்பிட்டுவிட்டு மதியமே திரும்பிவிட்டான்.

இரண்டாம் தாரம்தான், ஆனால் ஆறு மாதம்தான் குடும்பம் நடத்தியிருக்கிறார், பிள்ளைகுட்டி இல்லை, நகை நட்டு எதுவும் கேட்கவில்லை என்றான். முதல் பெண்டாட்டி ஸ்டவ் வெடித்துச் செத்துப்போனாளாம். பாவம் என்றான்.

அவள் பெயரைக்கூடக் கேட்டுக்கொண்டு வரவில்லை. தேவி என்று நான்தான் பிறகு தெரிந்துகொண்டேன்.

உள்ளே டோக்கன் பதினாறு போனதும் ஏகாம்பரம் பத்திரத்தை என் முன்னால் வைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும் என்று இடத்தைக் காட்டினார். அண்ணன் போட்டோவிலிருந்து கண்ணை எடுக்காமலே தன் பேனாவை நீட்டினான்.

வாங்கி பெஞ்சில் வைத்துவிட்டு, ஜாக்கெட்டின் இடது கையை முழங்கைக்கு மேலே ஏற்றினேன்.

ஏகாம்பரம் பார்த்தார். சிவகுமார் பார்த்தான். மணிக்கட்டிலிருந்து மேலே வரை சூடுபட்டுத் தோல் சுருங்கிக் கிடந்தது. ஒரே நாளில் வந்ததில்லை. பழையதும் உண்டு, போன மாதத்தையதும் உண்டு.

அண்ணன் மட்டும் அதிர்ச்சி அடையவில்லை. அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"கைய எறக்கி வுடு பாஞ்சாலி. ஆளுங்க பாக்கறாங்க."

பதினெட்டு வருடமாக ஒருவரும் கேட்காததால் நான் ஒருவருக்கும் சொல்லாதது ஒன்று இருந்தது.

"அந்த ஸ்டவ் வெடிக்கவே இல்லண்ணே. நான் போன அன்னிலேர்ந்து அதுலதான் சோறாக்கிக்கினு கீறேன்."

பேனாவை மூடி அவன் சட்டைப்பையிலேயே செருகினேன். பத்திரத்துக்கு அடியில் இருந்த, என் பெயர் போட்ட பட்டாவை எடுத்து மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். பின்னால் அண்ணன் கத்தினான். டோக்கன் பதினேழைக் கூப்பிடும்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தான்.

பஸ் ஸ்டாண்டில் தென்னேரிப் பக்கம் போகிற பஸ் காலியாக நின்றது. அதைத் தாண்டி, கூட்டமாக இருந்த மானாம்பதி பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டேன்.