கரும்பச்சை

"மஞ்சள்தான் லீலா, வீடு வெளிச்சமா..."

"வெளிச்சத்தை வெச்சு என்னங்க பண்றது? கரும்பச்சை அடிங்க!"

"ஹாலே குகை மாதிரி ஆயிடும்டி!"

மயூர் விஹார் வீட்டில் அழகர்சாமிக்கும் மனைவிக்கும் காலையிலிருந்து இதே சண்டை. பெயிண்டர் இரண்டு நிறத்தையும் சுவரில் பூசிக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான்.

"போன தடவை கிரீம் அடிச்சீங்களே, என்ன ஆச்சு? காப்பியைக் குடிச்சிட்டுப் போனவங்க போனவங்கதான்."

"சரி, பாத்துடலாம். செல்வி, வாம்மா!"

மகள் வந்தாள். யாரும் சொல்லாமலே மஞ்சளுக்கு முன்னால் நின்றாள். பிறகு பச்சைக்கு முன்னால்.

"அம்மாடி! பச்சையில எவ்வளவு வெளுப்பாத் தெரியுறா பாருங்க!"

"அப்போ பச்சையே அடிச்சிடுவோம். ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றவங்க அசந்துடணும்" என்றார் அழகர்சாமி.

"அச்சா, அடிங்கப்பா" என்றாள் செல்வி. "கட்டிக்கிட்டுப் போனதும், அந்த வீட்டுச் சுவத்துக்கு யாரு பெயிண்ட் அடிப்பா?"