இஷாமை விட ஏலா

“இஷாமை விட்டா நம்மட கிளப்பை இழுத்து மூடிட்டு, கிரவுண்டில மாட்டைக் கட்ட வேண்டியதுதான்.”

சொன்ன வேகத்தில் றவூபின் கோப்பையிலிருந்த பிளேன்டி தளும்பி, உடுத்திருந்த சாரத்தில் கொட்டியது. அவர் துடைக்கவில்லை. ஓட்டமாவடிப் பாலத்துக்குக் கிட்ட மோட்டார் சைக்கிள் கராச் வைத்திருப்பவர். ஊர் உதைபந்துக் கழகத்துக்கும் அவர்தான் தலைவர். இரண்டில் எது பிழைப்பு, எது பைத்தியம் என்று வீட்டாருக்கே விளங்குவதில்லை.

எதிரில் பழைய டயர் அடுக்கின் மேல் கல்குடாக் கழகத்தின் செயலாளர் சுதாகரன் உட்கார்ந்திருந்தார். அவர்களுடைய கோச் கனடாவுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஓட்டமாவடியின் துணைக் கோச் இஷாமைக் கேட்கலாமா என்று நாடிபிடித்துப் பார்க்க வந்தவர், ஐந்து நிமிடத்தில் எழும்பிப் போயிருப்பார். அவருடைய மோட்டார் சைக்கிளின் பின் டயரில் காற்று இறங்கிக் கிடந்ததால் அகப்பட்டுக்கொண்டார்.

“அவர் உங்கட மச்சான்தானே நானா. அதால சொல்றீங்களோ எண்டும் ஒரு யோசனை,” என்றார் சுதாகரன்.

“தங்கச்சி றம்லாட மாப்பிள எண்டதுக்காக நான் செல்லல்ல. எங்கட கோச்சும் கட்டாருக்குப் போயிட்டாரு. இப்ப அந்தக் கதிரைக்கு இஷாமை விட்டா வேற ஆரு இரிக்கா?”

“ஞாயத்தைப் பேசுங்க காக்கா,” என்று குறுக்கே விழுந்தான் கழகத்தின் பின்வரிசை ஆட்டக்காரன் றிப்ஷான். “துணைக் கோச் எண்டா கோன் வைக்கிற, தண்ணிப் போத்தல் தூக்குற. ஆறு வருஷம் அதைத்தானே செஞ்சாரு. டீமை நடத்துற வேற வேலை.”

சுதாகரன் தலையாட்டினார். இன்றைக்கு இந்தக் கதை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அடுத்த மாதக் கிண்ணம் என்று றவூபுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாக அந்தக் கிண்ணம் ஓட்டமாவடிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

“ஆக்குறவன்ட பக்கத்தில நிண்டு வெங்காயம் உரிச்சவன்தான்டா மறுகா புரியாணி ஆக்குறான்.”

“வெங்காயம் உரிச்ச எல்லாரும் ஆக்குறல்ல காக்கா. வெளிநாட்டில பெரிய டீமெல்லாம் துணைக் கோச்சை ஏத்தி வச்சி, மூணு மாசத்தில கலைச்சதை டீவில பார்க்கல்லையா?”

“கப் தூக்கினதையும் பார்த்தன். போன வருஷம் ஏறாவூரோட செமி பைனல். ரெண்டு கோல் பின்னுக்கு நிண்டு, மூணு போட்டு வெண்டமே. அது ஆர்ட மூளை?”

சுதாகரன் நிமிர்ந்தார். “அது இஷாமா?”

“செல்லப்படாது. கழகத்து ரகசியம்.”

றிப்ஷான் தலையைக் குனிந்துகொண்டான்.

சுதாகரன் மணிக்கூட்டைப் பார்த்தார். “தம்பி, இன்னும் முடியல்லையா?”

மூலையில் டியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான் கராச்சில் வேலை செய்யும் றிஸ்லான். அரை மணித்தியாலமாகப் பார்க்கிறான். “சின்ன ஓட்டை அண்ணன். பொறுமையாத்தான் தேடணும்.”

றவூப் டயர் அடுக்குக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். “சுதாகரன் தம்பி, உங்களுக்கிட்ட ஒண்டு கேக்கிறன். வேற ஆரையும் பாருங்க, அவனைக் கேட்டுராதீங்க. தலைமைக் கோச் எண்டு ஆரும் அவனைக் கூப்பிட்டதில்ல. கூப்பிட்டா வந்திடுவான்.” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

சுதாகரன் எழும்பி வெளியே போனார். பத்து நிமிடம் ஃபோனில் பேசிவிட்டு, குற்றம் செய்தவர் போல உள்ளே வந்தார்.

“கோவிக்கப்படாது நானா. எங்கட கமிட்டி ஓம் எண்டிட்டு. இஷாமோடயும் கதைச்சன். நாளைக்கே வாறாராம்.”

றவூப் முகத்தைத் திருப்பிக்கொண்டார். றிஸ்லானுக்கு உடனே ஓட்டை அகப்பட்டது.

சுதாகரனின் மோட்டார் சைக்கிள் பாலத்தில் ஏறி மறையும்வரை மூவரும் அசையவில்லை.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று றவூப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தங்கச்சிக்கும் சந்தோஷம், நானும் தப்பினன். பெனல்டி அடிக்கக் கோல்கீப்பரை அனுப்பின மனிசன். இங்க இருந்திருந்தா அவனுக்குத்தானே இந்தக் கதிரையைக் குடுத்திருக்கணும்.”

“ஏறாவூர் மெட்ச் அண்டு அவரு பொலன்னறுவையில கலியாண ஊட்டுல இருந்தாரே காக்கா,” என்றான் றிப்ஷான். “நான் சிரிப்பை அடக்கத்தான் தலையைக் குனிஞ்ச.”

“காத்தையும் இறக்கிட்டு, இல்லாத ஓட்டையை அரை மணித்தியாலம் தேடின எனக்கென்ன செல்றீங்க?” என்றான் றிஸ்லான். “சரி, மறுகா நம்மட கோச் ஆரு?”

றவூபின் முகம் மலர்ந்தது. “நிலோஜன். கல்குடாட துணைக் கோச், சுதாகரன்ட பொஞ்சாதிட தம்பி. சுதாகரனுக்குத் தெரியாம நேத்தே பேசி முடிச்சிட்டன். மூணு வருஷத்துக்குக் கையெழுத்தும் வாங்கியாச்சு.”

“கெட்டிக்காரனா?”

“கெட்டிக்காரனா எண்டா கேக்காய்? போன வெள்ளிக்கிழமை மீன் வாங்கப் போய், சுதாகரன்ட மீன் வாடியில இருந்தன். நிலோஜனை விட்டா கழகத்தை மூட வேண்டியதுதான் எண்டு மனிசன் கண் கலங்கிட்டாரு. அவங்கட ஆள் ஒருத்தன், அவன் சரிவரமாட்டான் எண்டு செல்ல, பெரிய சண்டை. என்ட பாரை மீனை வெட்டி முடிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தாங்க. அவ்வளவு நேரமும் இருந்து என்ட காதால கேட்டன்.”

றிஸ்லான் கையிலிருந்த பம்பை மெதுவாகக் கீழே வைத்தான்.

“ஒரு பாரை மீனை வெட்டவா காக்கா, ஒரு மணித்தியாலம்?”